துரு: இல்லை

யார்க்‌ஷயரில் செட்டில் என்றே ஓர் ஊர் இருக்கிறது.
"லண்டன்ல செட்டில் ஆயிட்டியா?" என்று
மாதம் தவறாமல் போனில் கேட்கும் சித்தப்பாவிடம்
இன்று ஒரு நாளாவது பொய் கலக்காமல்
செட்டிலில்தான் இருக்கிறேன் என்று சொல்லலாம்.

மழை விட்டும் தூவானம் விடவில்லை.
ஏலக் கம்பெனிப் படிவத்தை நெஞ்சோடு அணைத்து
கொட்டகை வாசலில் நிற்கிறேன்.
ஹெதர் ஐவிசன் தோளால் கதவைத் தள்ளுகிறார்.
உள்ளே, தார்ப்பாயை இழுத்ததும்,
ஐம்பத்தொன்றாம் வருடத்து மோரிஸ் கமர்ஷியல்.
ஒன்றரை டன். பாசிப்பச்சை.
தூக்கத்தில் எழுப்பப்பட்டவன் மாதிரி
இரண்டு வட்ட விளக்குகளும் முழிக்கின்றன.

நான் நாமக்கல்காரன்.
லாரியின் வயதை விரல் மடக்கித் தட்டியே சொல்வேன்.
சக்கர வளைவில் தட்டினேன். டங்.
கதவின் அடிவிளிம்பில்,
எந்த லாரியும் முதலில் சாகும் இடத்தில்,
தட்டினேன். அங்கேயும் டங்.
மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, சேஸிஸைச் சுரண்டினேன்.
நகக்கண்ணில் ஏறியது துரு இல்லை,
மெழுகு மாதிரி ஏதோ ஒரு மஞ்சள்.

குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புக் கொட்டுகிற நாடு.
பத்து வயது கார் இங்கே அப்பளமாய் நொறுங்கும்.
"வெளியே எடுக்காமலே வைத்திருந்தீர்களா?"
"வாரம் ஆறு நாள் ஓடியது" என்றார்.
"ஞாயிற்றுக்கிழமை அப்பா அதன் அடியில் படுத்திருப்பார்."

கதவின் உள்பக்கம் பென்சில் கணக்கு.
மால்ஹம் 14. ஸ்டெயின்ஃபோர்த் 9.
ஹார்ட்டன் 31, அதை அடித்து 29.
எல்லாம் கம்பளி மூட்டை.
அன்றைக்குக் கத்தரித்த, கழுவாத கம்பளி.
பண்ணை பண்ணையாய் ஏற்றி
பிராட்ஃபோர்டு ஆலைகளில் இறக்கி,
இருபத்தாறு கோடைகள்.

அறுபத்துமூன்றின் பனியில் மட்டும்
ஆடுகளுக்கு வைக்கோல்,
ஒருமுறை, இடுப்பு வலி எடுத்த தபால்காரரின் மனைவி.
பாலத்துக்கு இந்தப் பக்கமே பிறந்துவிட்டதாம் குழந்தை.
நான் நிமிர்ந்து பார்த்தேன்.
"அது நான் இல்லை. எனக்கு அப்போது இரண்டு வயது.
எல்லோரும் இதே மாதிரிதான் பார்க்கிறார்கள்."

மழை தன் தோலைத் தொடாதிருக்க
ஆடு தானே சுரக்கும் ஒரு பிசுக்கு உண்டு.
மூட்டை மூட்டையாய் அது பலகையில் ஊறி,
வெயிலில் இளகி, இடுக்கு வழியே வழிந்து,
சேஸிஸ், ஆக்ஸில், ஒவ்வொரு போல்ட்டின் கழுத்துக்கும்
இருபத்தாறு வருடம்
யாரும் சாத்தாத எண்ணெய்க்காப்பு.

"வாசனையை எழுதிவிடாதீர்கள், விலை குறையும்" என்கிறார் ஹெதர்.
மழை நாளில் பள்ளிக்கூட வாசலில்
இதிலிருந்துதான் இறங்குவாராம்.
பதினாறு வயதுவரை அவர் பெயர் ஈர ஆடு.
இந்த வண்டியின் மேல் அவருக்கு ஒரு பாசமும் கிடையாது.
வீட்டுக் கூரை ஒழுகுகிறது, ஸ்லேட் மாற்ற வேண்டும்,
எவ்வளவு தேறும், அதைச் சொல்லுங்கள்.

சொன்னேன். தலையாட்டினார்.
பிறகு எதற்கோ உள்ளே ஏறி உட்கார்ந்து
ஒரு சுவிட்சைத் திருகினார்.
கதவோரத் தூணிலிருந்து
விரல் நீள மஞ்சள் கை ஒன்று டக்கென்று நீண்டது:
இடப்பக்கம் திரும்பப் போகிறேன்.
இடப்பக்கம் சுவர்.
கை மடங்கும்வரை இருவரும் பேசவில்லை.

வேலை வரலாறு: இரண்டு வரிக்குள் எழுதவும், என்கிறது படிவம்.
'கம்பளி' என்று எழுதிவிட்டு யோசித்தேன்.
கீழே, 'ஒரு பிரசவம்'.

திரும்பும் வழியில் சித்தப்பா.
"அவ்வளவு தூரம் போயி என்ன பார்த்த?"
"ஒரு லாரி."
"நாமக்கல்லுல இல்லாத லாரியா?"

பெட்ரோல் பங்கின் குழாயடியில்
இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.
உள்ளங்கையில் ஒட்டாமல்
உருண்டு உருண்டு ஓடியது தண்ணீர்.