கையெழுத்துக்கான கோடு

பெயர்களை மாற்றிவிட்டேன்.
ஆஸ்பத்திரியை மாற்றவில்லை: தாராபுரம்,
மூன்றாம் ஜன்னல், என் மேசை.
அதற்கு ஒரு கால் குட்டை.
பழைய ஓ.பி. சீட்டை மடித்துக் கொடுத்திருக்கிறேன்.

கடைசியாகத் தூரமான தேதியைக் கேட்டு
வாரமாக்கி எழுதுவது என் வேலை.
சிலர் குரலைத் தாழ்த்தி
பாவமாங்க்கா என்று கேட்பார்கள்.
அந்தக் கட்டம் படிவத்தில் இல்லை.

தாரணி வந்தது ஒரு புதன்கிழமை.
இருபத்தொரு வாரம், மூன்று நாள்.
புருஷன் பூபதி காற்றாலையில் ஏறி வேலை பார்த்தவன்.
கயிறு இருந்தது, கொக்கி இருந்தது,
மாட்ட வேண்டிய கை
அன்றைக்கு வேறெதையோ நினைத்திருக்கிறது.
காரியம் முடிந்து ஒரு மாதம்.
ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில்,
இறக்கைகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன.

இருபது வாரம் தாண்டினால் இரண்டு மருத்துவர்.
இருபத்துநான்கு வரை, சிலருக்கு மட்டும்.
அந்தச் சிலரில் ஒரு வரி, கர்ப்ப காலத்தில் விதவையானவர்.
டெல்லியில் யாரோ ஒருவர்
தட்டச்சு செய்யும்போது
ஒரு நொடி இவளை நினைத்திருக்க வேண்டும்.

மாமனார் நாச்சிமுத்து நல்ல மனுஷன்.
அதுதான் சிரமம்.
துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.
"அம்மிணி, பெத்து எங்க கையில குடுத்துட்டுப் போகட்டுமுங்க.
வேற கல்யாணம் பண்ணிக்கட்டும்,
நாங்களே நின்னு செஞ்சு வெக்கறோம்.
மூலனூர்ல நாலு ஏக்கரா முருங்கை கெடக்குதுங்க.
எம்பையன் மூஞ்சிய இன்னொருக்கா பாத்துக்கறனுங்க."
எனக்குத் தொண்டை அடைத்தது.
அவர் பெயருக்கு அந்தத் தாளில் கோடு கிடையாது.

எப்சிபா சிஸ்டர் அந்த அறைக்குள் போகமாட்டார்.
உசுரு உசுருதான் என்பார்,
கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டு.
உள்ளே யாருக்காவது ரத்தம் நிற்காவிட்டால்
முதலில் ஓடுவதும் அவர்தான்.

தாரணி ஒன்றுதான் சொன்னாள்.
"அது அவராட்டவே சிரிச்சா
எப்பிடிங்க்கா உட்டுட்டு வருவேன்?
அவராட்டம் சிரிக்கலீன்னா
எப்பிடிங்க்கா வெச்சிருப்பேன்?"

சோத்து நேரத்தில் மாமியார் தனியாக வந்தாள்.
மயிலாத்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு,
கோயிலுக்கு வருவதுபோல.
"இதுல ஆரு கையெழுத்துப் போடோணுமுங்க?"
அவங்க மட்டுந்தானுங்க.
"ஊட்டுக்காரங்க ஒண்ணும் போட வேண்டீதில்லீங்களா?"
வேண்டீதில்லீங்க.
சுவரைப் பார்த்தாள். சுவரில் அந்தப் பலகை,
ஆணா பெண்ணா எனக் கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம்.
"பூபதிக்கு முன்னால ரெண்டுங்க.
ஈரோட்டுக்குக் காருல கூட்டிட்டுப் போனாங்க.
வர்ற வழியில காங்கயத்துல
ரோஸ்மில்க் வாங்கிக் குடுத்தாங்க.
எங்கிட்ட ஆரும் பேனாவ நீட்டல."

அவ்வளவுதான்.
மருமகளுக்காகப் பேசவில்லை, மகனுக்காக அழவுமில்லை.
என் பேனாவை எடுத்தாள்,
மூடியைத் திறந்தாள், மூடினாள்,
வைத்துவிட்டு மூலனூர் பஸ்ஸுக்குப் போனாள்.

முப்பத்தெட்டு வயதில் எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகள்
பாலக்காட்டில் பெண் தேடுகிறார்கள்.
தரகருக்கு லட்சங்கள்.
ரோஸ்மில்க் கணக்கை யாரும் எடுப்பதில்லை.

அன்றைக்கும் கர்ப்பப்பை, இன்றைக்கும் கர்ப்பப்பை.
அது குற்றம், இது உரிமை,
நடுவில் ஒரு கோடு, மூன்று அங்குலம்,
அதன் கீழே "கையொப்பம்" என்று சின்ன எழுத்து.
அவ்வளவு எடையை அது தாங்குமா?
பன்னிரண்டு வருஷமாக இந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன்,
தெரியவில்லை.
அது இல்லாத நாட்களில் என்ன நடந்தது என்று தெரியும்.

மறுநாள் இரண்டு மருத்துவர்களும் வந்திருந்தார்கள்.
தாரணி வந்தாளா,
வந்து எழுதினாளா,
தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு
திரும்பிப் போனாளா,
கேட்காதீர்கள்.
அந்தப் பதிவேட்டுக்குப் பூட்டு உண்டு,
நாச்சிமுத்துவுக்கும் திறக்காது, உங்களுக்கும் திறக்காது.
எனக்கு முழுசாகப் புரிந்த சட்டம்
அது ஒன்றுதான்.