மூன்றாவது வாயில்

துவாஸ் கிடங்கில் இரவுக் காவல்.
மேசையில் நூலகப் புத்தகம்.
இன்னும் பத்துப் பக்கத்தில்
கான்ஸ்டான்டிநோபிள் விழப்போகிறது.

பகலில் பீரங்கி இடித்த மதிலை
இரவில் பீப்பாய்களில் மண் நிரப்பி அடைக்கிறார்கள்.
கடல்வாயின் குறுக்கே இரும்புச் சங்கிலி.
ஐம்பத்து மூன்று நாள்.

பிறகு, யாரோ சாத்த மறந்த
ஒரு சின்னக் கதவு.
அப்படிக் கதவே இல்லை,
கட்டுக்கதை என்கிறது அடிக்குறிப்பு.
இருந்திருந்தால்,
அவனுக்கு அன்று இரட்டை ஷிப்டாக இருந்திருக்கும்.
அவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

விழுந்தது செவ்வாய்க்கிழமை.
கிரேக்கர்கள் இன்றும் அந்தக் கிழமையில்
நல்ல காரியம் தொடங்கமாட்டார்களாம்.
செவ்வாயோ வெறுவாயோ என்று
ஜொகூரில் என் மாமியாரும்தான்.
கான்ஸ்டான்டிநோபிள் என்றால்
சோப்பா என்று கேட்பார்.

இரண்டு பத்துக்கு டார்ச்சோடு எழுந்தேன்.
மூன்றாவது வாயிலில் கொண்டி மட்டும்.
பூட்டு வாய்பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது.
பதிவேட்டில் மாலை ஏழுக்கு 'எல்லாம் சரி'.
கையெழுத்து டெங் கியாட்.
மகள் ஆஸ்பத்திரியில்; இந்த வாரம்
அவருக்கும் இரண்டு ஷிப்ட்.

அழுத்தினேன். க்ளிக்.
கடலில் விளக்கெரியும் கப்பல்கள்
உள்ளே வர வரிசையில் நின்றன.

பதிவேட்டில் நான் எதுவும் எழுதவில்லை.