பலகை கழுவுகிறவள்

ஷெவ்ரோஸ் பள்ளத்தாக்கில் பனி இறங்கிய மாதம்.
வெந்நீரும் சாம்பலும் வைக்கோல் பிரியுமாகத்
தோட்டத்துக் கொட்டகைக்குப் போவேன்.
பலகையில் நான்கு ஆணித் துளைகள்.
ஒவ்வொன்றிலும் குச்சி விட்டுச் சுரண்ட வேண்டும்,
இல்லாவிட்டால் நாற்றம் எடுக்கும்.

மொசியே த வோக்ரெசோன் நல்லவர்.
கூலியை ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை.
ஞாயிறு பூசையில் குளிர்ந்த கல்மேல்
அவ்வளவு நேரம் மண்டியிட
இந்தப் பங்கில் வேறு யாராலும் ஆகாது.
நான் காதைப் பொத்திக்கொண்டு நின்ற முதல் நாள்
அவர்தான் சொன்னார்:
"பெர்ரின், இது கடிகாரம்.
உள்ளே வில்லும் பல்சக்கரமும், வேறொன்றுமில்லை.
மணி அடித்தால் அதற்கு வலிக்கிறதென்று அழுவாயா?"

கோவில் கோபுரத்து மணியை நினைத்துப் பார்த்தேன்.
அதற்கு நான் எலும்பு போட்டதில்லை.

பெயர் வைக்காதே என்றார்கள். வைக்கவில்லை.
நான்காவதாக வந்த பழுப்பு நிறத்துக்கு மட்டும்
நுவசேத் என்று,
அதுவும் வாய்க்குள்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்: நாய்க்காக அழுதேன், சாமி.
தட்டிக்கு அப்பாலிருந்து கேட்டார்:
ஆண்டவரின் காயங்களுக்காக எப்போது அழுதாய்?
கண்ணீரைப் பிரித்து வைத்துப் பழக்கமில்லை எனக்கு.
அழுது வாங்குகிற பொருளல்ல அருள், என்றார்,
உலகம் உண்டாகுமுன்னே எண்ணி வைத்தாயிற்று,
சிலருக்கு.
ஆறு வாரம் நற்கருணை வாங்காதே.

ஆக, நாய்க்கு ஆன்மா இல்லை.
எனக்கு உண்டு,
மேலே யாருக்காவது அது வேண்டுமா என்பதுதான் தெரியவில்லை.
திரும்பும் வழியெல்லாம் சேறு.
யோசிக்க நல்ல வழி அது, வேகமாக நடக்க முடியாது.

மெழுகுதிரித் திருநாளன்று இரவு
மொசியேவுக்குக் கடைவாய்ப் பல்.
பல் பிடுங்குகிற கிளேர்வால் பனியில் எங்கோ மாட்டிக்கொண்டான்.
விளக்கைப் பிடித்தபடி கட்டிலருகில் நின்றேன்.
தலையணையைக் கடித்தார், சங்கீதம் ஒன்றைப் பாதியில் விட்டார்,
பிறகு வந்தது அந்தச் சத்தம்.

முதலில் மேலே ஏறி,
நடுவில் உடைந்து,
கடைசியில் மூச்சே கெஞ்சலாகிப் போகிற
அதே சத்தம்.
ஒரு கணம் கட்டிலுக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தேன்.

கொட்டகையிலிருந்து நுவசேத் பதில் கொடுத்தது.
இருட்டைத் தாண்டி, பனியைத் தாண்டி, ஒரே ஒருமுறை.
அவருக்குக் கேட்டது.
கேட்டதை நான் பார்த்தேன், விளக்கு என் கையில்தானே இருந்தது.

எந்த வில் தெறித்தது, மொசியே?
கேட்கவில்லை.
கிராம்பை நசுக்கி ஈறில் வைத்தேன்.

காலையில் பூசணிக் கன்னத்தோடு பாரிசுக்குக் கடிதம் எழுதினார்.
மூன்றாம் நாள் கன்னம் வடிந்தது.
முகம் மழித்துக்கொண்டார்.
ஆணிகள் வளைந்திருக்கின்றன, தட்டி நேராக்கி வை, என்றார்.

தெரிந்துகொண்டதை மறக்க மூன்று நாள் போதுமா?
போதும். அதிகம்கூட.
என் தாயைப் புதைத்த மறுநாள்
வெங்காயத்துக்குப் பேரம் பேசியவள் நான்.
இரண்டு காசு குறைத்தும் வாங்கினேன்.
அவரைவிட நான் ஒன்றும் உசத்தியில்லை,
எழுதத் தெரியாது, அவ்வளவுதான்.

அன்றிரவு கொட்டகைத் தாழ்ப்பாளை எடுத்து விட்டேன்.
போகவில்லை.
என் கையிலிருந்த உப்பை நக்கிக்கொண்டு நின்றது.
ஓடு, என்றேன். வாலை ஆட்டியது.
முந்தானைத் துணியில் சுருட்டித் தூக்கி
மதிலுக்கு வெளியே இறக்கிவிட்டு
ஜபமாலையைத் தேடினேன்.
யாருக்குச் சொல்வதென்று தெரியாமலே
ஐம்பத்துமூன்று மணியும் உருட்டினேன்.
அதுவும் ஒரு பல்சக்கரமாயிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்,
சுற்றச் சுற்ற மனசு சூடாகிறது.

விடிந்து வாசற்கதவைத் திறந்தேன்.
அங்கேயே உட்கார்ந்திருக்கிறது,
முதுகெல்லாம் பனி,
எங்களை நம்பி.

மாடிப்படியில் மொசியேவின் செருப்புச் சத்தம்.
என் கையில் வெந்நீர்ச் செம்பு.
கதவை இன்னும் சாத்தவில்லை.