சின்னச் செருப்பு

தஞ்சோங் தொக்கோங், பதினோராம் மாடி.
பூட்டு மாற்ற நான்காவது முறையாகக் கூப்பிட்டார் ஹோல்கர்.
அவர் நாடு இப்போது வரைபடத்தில் இல்லை.
அங்கே ரகசியப் போலீஸ்;
அதற்குள்ளும் பெயரில்லாத ஒரு படை.
"ஒரு கதவுக்கு ஆறு விநாடி," என்றார்,
மீன் விலை சொல்வதுபோல்.

திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன்.
"வாசலில் சின்னச் செருப்பு கிடந்தால்
சத்தமில்லாமல் திறப்போம்.
இருட்டில் கவனிக்காமல் போனதும் உண்டு."

அறுபது வெள்ளி.
இரண்டு சாவியில் ஒன்றை என்னிடமே தந்தார்:
"யாராவது வந்து கேட்டால் கொடுத்துவிடு.
உடைக்க வேண்டாம்."

ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போய்ச் சேர
மணி பத்து.
படியில் கிடந்த மகளின் செருப்பை
உள்ளே எடுத்து வைத்தேன்.
கதவைச் சாத்தியபின்
திறந்து
மறுபடி வெளியே வைத்தேன்,
நன்றாகத் தெரியும்படி.