கால்சியத்துக்கு அப்புறம் நடைதான்

காலாண்டில் வேதியியல் எழுபதுக்குப் பதினொன்று.
விடைத்தாளை நான்காய் மடித்து
டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்தேன்.
ரசம் கசிந்து விடைகளெல்லாம் ஊறிப்போயின.
அந்தச் சிவப்பு எண் மட்டும் அப்படியே இருந்தது.

பஸ்ஸில் எனக்குப் படிக்க வராது.
புத்தகத்தைத் திறந்தால்
மூன்று திருப்பத்துக்குள் குமட்டும்.
வீட்டுக்குப் போனால் விறகு, தண்ணீர், தம்பி.
ஒரு நாளில் எனக்கென்று மிஞ்சுவது
இறங்க ஒரு மணி நேரம், ஏற ஒரு மணி நேரம்,
அதுவும் கண்ணை மூடிக்கொண்டு.

மூடிய கண்ணுக்குள்தான் ஒருநாள் தட்டுப்பட்டது:
ஏர்க்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு.
பாடத்தில் மனப்பாடம் செய்யச் சொன்னது
முதல் இருபது தனிமம்.

அடிவாரம் செக்போஸ்ட் தாண்டியதும் ஹைட்ரஜன்.
ஒற்றைப்படை வந்தால் ஜன்னல் கம்பி நெற்றியில் இடிக்கும்,
இரட்டைப்படை என்றால் ரோஸ்லின் தோளில் சாய்வேன்.
ஆறில் கார்பன், தீப்பிடித்துக் கருகிய மூங்கில் புதர்.
எட்டில் யாராவது காற்று வேண்டும் என்று
ஷட்டரைத் தூக்கச் சொல்வார்கள்.
காலையில் எல்லாம் தலைகீழ்,
கால்சியத்தில் ஏறி ஹைட்ரஜனில் இறங்குவேன்.
"பாஸ் எங்கம்மா?" என்றார் கண்டக்டர்.
"பொட்டாசியம்" என்றேன்.
பின்சீட்டு வரை சிரித்தது.

ஐப்பசி மழையில் ஒருநாள்
பதினொன்றாவது வளைவில் வண்டி படுத்துவிட்டது.
மூடுபனி. டிரைவர் யாருக்கோ போன் போட்டபடி.
எல்லாரும் திட்டிக்கொண்டிருக்க
நான் நாற்பது நிமிடம் சோடியத்தில் உட்கார்ந்திருந்தேன்.
என் மதிப்பெண்ணும் இதே எண்தான்.
கடைசிக் கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான்,
யாரிடமாவது கொடுத்துவிடத் துடிக்கிறது.
மூன்றாவது வளைவின் லித்தியமும் அப்படி,
பத்தொன்பதில் பொட்டாசியமும் அப்படி.
மூன்றும் ஒற்றைப்படை, மூன்றும் ஜன்னல் பக்கம்!
இத்தனை நாள் பெயர்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
இன்றுதான் அவை
ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்தது.

அரையாண்டுக்கு முந்தின ராத்திரி
கேள்வித்தாள் ஒன்று வாட்ஸப்பில் வந்தது.
"ஒரிஜினல்டி, பார்த்துட்டு அழிச்சிரு" என்றாள் ரோஸ்லின்.
நான் திறக்கவில்லை.
பெருமைக்குச் சொல்லவில்லை, டேட்டா தீர்ந்திருந்தது.
அதிகாலை நாலு மணிக்கு டேட்டா வந்தது.
கட்டைவிரல் அதன்மேல் கொஞ்சநேரம் நின்றது.
திறந்தால் இத்தனை மாதம் ஏறியிறங்கிய மலை
எனக்குத் தெரியுமா தெரியாதா என்று
கடைசிவரை தெரியாமலே போய்விடும்.
அழித்தேன்.
அழித்த பிறகும் வயிறு கலங்கியது.

சோடியத்தைவிடப் பொட்டாசியம்
வேகமாக வினைபுரிவது ஏன்?
தேர்வறையில் கண்ணை மூடினேன்.
நெற்றியில் கம்பியின் குளிர்.
பத்தொன்பது, அடிவாரத்திலிருந்து வெகுதூரம்.
தூரம் கூடக் கூட உட்கருவின் பிடி தளரும்.
எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது,
வளைவில் எழுதினாற்போல.

நாற்பத்து மூன்று.
ரோஸ்லின் ஐம்பத்தொன்று.
அந்தத் தாளிலிருந்து மூன்று கேள்வி வந்திருந்ததாம்.
அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.
மறுநாள் ஏழாவது வளைவில்
அவளாகவே தோளை இடித்தாள்:
"ஏய், அந்த சோடியம் எதுக்குடி அப்படிப் பண்ணுது?"
பதினொன்று வரும்வரை பொறு என்றேன்.

இருபதோடு வளைவுகள் முடிந்துவிடும்.
பொதுத்தேர்வுக்கு அது போதாது.
ஒண்டிக்கடையில் இறங்கி
மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும்.
பலாமரத்தடியில் ஸ்காண்டியம்.
சில்வர் ஓக் வரிசையில் டைட்டானியம், வனேடியம்.
குரோமியத்தில் நாய் குரைக்கும், ஓடிவிடுவேன்,
மாங்கனீசு எப்போதும் ஓட்டத்தில்தான்.
இரும்புக்கு எஸ்டேட் கேட் இருக்கிறது,
தொட்டுவிட்டுப் போவேன்.
கோபால்ட்டும் நிக்கலும் இன்னும் இடம் மாறுகின்றன,
இருட்டில் எது எந்தக் கல் என்று தெரியவில்லை.
பைப்படியில் அம்மாவின் செம்புக் குடம், இருபத்தொன்பது.

முப்பது துத்தநாகம்.
எங்கள் வீட்டுக் கூரைத் தகட்டின் பூச்சு.
மழை அதன்மேல் சத்தமாகப் பெய்துகொண்டிருக்கிறது.
உள்ளே போய்ப்
பையைத் திறக்கிறேன்.