பதினான்காம் போர்ட்

மாங்கூழ் ஆலையின் ஸ்விட்சுக்கு
திங்கள் இரவு அப்டேட் போட்டேன்.
ஒருமுறை கண்மூடித் திறந்தது,
இருபத்து நான்கு விளக்கும் பச்சை.

புதுசா என்ன வந்திருக்கு, பிருந்தா?
மேனேஜருக்குச் சொல்ல எளிது:
ஒத்துவராவிட்டால் பழைய பதிப்புக்கே திரும்பலாம்,
கேபிள் தன்னையே சுற்றினால் தானே முடிச்சவிழ்க்கும்.

சொல்லாமல் விட்டது ஒன்று.
இதுவரை 'இணைப்பு இல்லை' என்று முனகிய பெட்டி
இனி எத்தனை மணிக்கு, எதனால் என்றும்
எழுதி வைக்கும்.

மூன்று இரவுகளாக எழுதுகிறது:
போர்ட் பதினான்கு. எடை மேடை.
2:10 கேபிள் பிடுங்கப்பட்டது.
2:14 செருகப்பட்டது.

எலி என்றார் கணக்கர் பசவராஜ், போன மாதம்.
அதற்கு முன்னால் மழை.
எலிக்கு மணி பார்க்கத் தெரியுமா,
பிடுங்கியதைத் திரும்பச் செருகவும்?

இன்று சர்வர் அறையில் இல்லை நான்.
எடை மேடைக்கு எதிரே, அடுக்கிய காலி டிரம்களின் பின்னால்
மடியில் லேப்டாப், காலெல்லாம் கொசு.

2:09.
போச்சம்பள்ளி லாரி கியர் மாற்றி உள்ளே திரும்புகிறது.
பெங்களூராக் காய்களின் மேல்
துண்டால் முகம் மூடித்
தூங்குகிறார் தோட்டக்காரர்.

பதினான்கு
இன்னும் பச்சை.