ஐந்து கறுப்புப் பைகள்

ட்ரொம்சோவில், விமானிகள் அறையின் சுவரோரம்
ஐந்து கறுப்புப் பைகள்.
ஒரே கடை, ஒரே தள்ளுபடி,
சக்கரம்கூட ஒரே மாதிரி கீச்சிடும்.

மடிக்கணினியைச் சரக்கறையில் போடக்கூடாது.
மின்கலம் புகைந்தால்
எட்டிப் பிடிக்க ஒரு கை வேண்டும்.
அதனால் அது என்னோடுதான் பறக்கிறது,
என் இருக்கைக்குப் பின்னால்,
வலைக்குள், இரண்டு கொக்கி போட்டு.
பெர்லெவோகில் பக்கக்காற்று அறையும்போது
என் பற்கள் ஆடும், அது ஆடாது.
முப்பத்தொன்பது பேருக்கான விமானத்தில்
நாற்பதாவதாக ஒருத்தி வருவது
யாருக்கும் தெரியாது.

அவளுக்குள் எரிபொருள் கணக்கு,
ஆறு மாதத் தேர்வுக்கான வினாக்கள்,
பாதியில் விட்ட ஒரு துப்பறியும் தொடர்,
பிறகு, தங்கை இங்வில்லுக்கு எழுதி
ஏழு மாதமாய் அனுப்பாத கடிதம்.
பத்திரம், பத்திரம் என்று நான் சுமப்பது
எதை என்று
எந்தச் சோதனைச்சாவடியும் கேட்டதில்லை.
தட்டில் தனியாக வை என்பார்கள்.
வைப்பேன்.
மறுபக்கம் அது வந்து சேரும்வரை
கண்ணை எடுக்கமாட்டேன்.

வார்டோவில் அன்றிரவு மைனஸ் இருபத்திரண்டு.
தரையிறங்கிய கையோடு
கடலுக்கடியில் போகும் சுரங்கப்பாதை.
ஒரு மணி நேரம் முன்பு மேகத்துக்கு மேலே,
இப்போது மீன்களுக்குக் கீழே.
அய்லாவின் வண்டியில் ஹீட்டர் செத்துப்போய் ஒரு வாரம்.
"பையை மடியில் வைத்துக்கொள்" என்றாள்,
"ஒன்றுக்கொன்று துணை."

விடுதி அறையில் ஜிப்பை இழுத்தேன்.
என்னுடையது இல்லை.

உள்ளே ஒரு சின்னக் கம்பளிச் சட்டை.
கைகளை வெட்டி, கழுத்தை மூடித் தைத்து,
அதற்குள் யாருடையதோ கணினி.
தையல் ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம்.
நெஞ்சில் ஒரு மான்,
கொம்பின் பாதி நூலுக்குள் போயிருந்தது.

ஹல்வோர்.
நான்கு வருடமாய்த் தோளோடு தோள்.
சக்கரம் உள்ளே, விளக்கு அணைந்தது, சரி, சரி.
அவனுக்கு ஒரு குழந்தை உண்டென்று
எனக்குத் தெரியாது.

குளிரிலிருந்து வந்ததை உடனே திறக்கக்கூடாது.
வெதுவெதுப்பு பட்டதும் உள்ளுக்குள் வியர்த்துவிடும்.
இரண்டு மணி நேரம், மூடியபடியே,
அறைக்கு அது பழகட்டும் என்று விடவேண்டும்.
இதையோ நான் திறக்கவே போவதில்லை.
ஆனாலும் ஜிப்பை மூடினேன்,
ஹீட்டரிலிருந்து நகர்த்தி
நாற்காலியில் வைத்தேன்,
சட்டையைக் கழற்றாமல்.

பதினோரு மணிக்குத் தொலைபேசி.
"உன்னுடையது போடோவில் இருக்கிறது" என்றான்.
"ஹீட்டர் பக்கத்திலா?"
"என்னை யாரென்று நினைத்தாய்? நாற்காலியில்."
வெளியே பனிவாரி ஒன்று தெருவைச் சுரண்டிக்கொண்டு போனது.
அது போய் முடியும்வரை இருவரும் பேசவில்லை.
"சட்டை அவனுக்குச் சின்னதாகிவிட்டது" என்றான்.
"பெர்கனில் இருக்கிறான், அவன் அம்மாவோடு."
"நன்றாகத் தைத்திருக்கிறாய்" என்றேன்.
"பொய்."
"ஆமாம்."

மறுநாள் ட்ரொம்சோவில் பைகள் கை மாறின.
நன்றி என்றோம். அவ்வளவுதான்.
அன்று மாலை கடிதத்தைத் திறந்தேன்.
அனுப்பவில்லை.
நடுவில் மூன்று பத்திகள் அழித்தேன்,
எல்லாம் யார் மீது தவறு என்பது பற்றியவை.
மிஞ்சியது சின்னதாக இருந்தது,
அவள் கையில் அடங்கும் போல.

இனி மாறக்கூடாது என்று
என் பையின் கைப்பிடியில்
சிவப்பு நூல் ஒன்று சுற்றினேன்.

செவ்வாய்க்கிழமை போனால்
சுவரோரம் ஐந்து பைகள்,
இரண்டில் சிவப்பு நூல்.